பழைய சமையல் எண்ணெயை வடிகட்டிச் சூடாக்கும்போது கவனிக்க

வகுப்பில் பயோடீசல் (எண்ணெயிலிருந்து செய்யும் டீசல் போன்ற எரிபொருள்) செய்முறைக்கு பொரித்த எண்ணெயை எடுக்கிறீர்களா? ஆறிய எண்ணெயை வடிதாளில் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். 40–50 டிகிரி செல்சியஸுக்கு வெதுவெதுப்பாக்கி, முதலில் பருத்தித் துணியில் வடித்து கருகல் துகள்களை நீக்குங்கள். பிறகு காபி வடிதாள். முதலிலேயே தாளில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும்.

உண்மையான தொல்லை தண்ணீர்தான். கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்தாலே, பின்னால் காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வேதிப்பொருள்) சேர்க்கும்போது சோப்பு உருவாகி எல்லாம் கூழாகிவிடும். எண்ணெயை 60 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து, மூடி ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். மேலெண்ணெயை மட்டும் இறுத்து, அடியில் ஒரு விரல் அளவை விட்டுவிடுங்கள். ஆசைப்பட்டு அதையும் ஊற்றினால் செய்ததெல்லாம் வீண்.

இனி ஸ்டீல் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மின்தட்டில் மெதுவாகக் கிளறியபடி 110 டிகிரி வரை ஏற்றுங்கள். அவசரப்பட்டால் அடியிலுள்ள நீர் திடீரென ஆவியாகி எண்ணெய் வெளியே தெறிக்கும். தெர்மாமீட்டர் முனை அடியைத் தொடக் கூடாது, அளவு கூடுதலாகக் காட்டும். குமிழியும் சடசடப்பும் அடங்கினால் ஈரம் போயிற்று. புகை வந்தால் உடனே அணைக்கவும்.

பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சூடாக்குவது ஆசிரியர் வேலை. தீப்பிடித்தால் மின்சாரத்தை நிறுத்தி உலோக மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. பயோடீசலாக்க அடுத்து எண்ணெயில் சேர்க்கும் மெத்தனால் என்ற ஆல்கஹால் 65 டிகிரியில் கொதிக்கும், எளிதில் தீப்பற்றும். அதனால் எண்ணெய் 50 டிகிரிக்கு ஆறும்வரை அந்தப் பாட்டிலைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள்.