பால்மாவில் ஈயம்: குழந்தை உட்கொள்ளும் அளவைக் கணக்கிடுவது எப்படி

ஆய்வக அறிக்கையில் 'ஈயம்: ஒரு கிலோ மாவில் 20 மைக்ரோகிராம்' என்று இருக்கும். அதை அப்படியே கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர விதிகள்) வரம்போடு ஒப்பிட்டுவிடாதீர்கள். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம், என்ற அந்த வரம்பு கரைத்த பாலுக்கு உரியது, மாவுக்கு அல்ல. இதில் குழம்பினால் விடை ஏழெட்டு மடங்கு மாறிப்போகும்.

டப்பாவில் உள்ள கரைக்கும் விகிதத்தை முதலில் எடுங்கள். பொதுவாக ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 130 கிராம் மாவும் 900 மில்லி தண்ணீரும் வரும். கரண்டியை மட்டமாக வழித்தும் குவித்தும் அள்ளி, இரண்டையும் எடை போட்டுப் பாருங்கள். வீட்டில் கரைக்கும் பால் டப்பாவில் சொன்னதைவிடக் கெட்டியாக இருக்கலாம்.

மாவிலிருந்து வருவது: 20 × 0.13 = லிட்டருக்கு 2.6 மைக்ரோகிராம்.
தண்ணீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால்: 5 × 0.9 = 4.5.
மொத்தம் 7.1.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதில் பாதியே உள்ள தண்ணீர்கூட மாவை மிஞ்சிவிடுகிறது. மாவை மட்டும் சோதித்து முடித்துக்கொள்ளும் மதிப்பீடுகள் கோட்டைவிடும் இடம் இதுதான். கொதிக்கவைத்தால் ஈயம் போகாது. நீர் வற்றுவதால் செறிவுதான் கூடும். நைட்ரேட்டுக்கும் இதே கதைதான்.

அடுத்து, குடிக்கும் அளவு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மில்லி என்பது வழக்கமான கணக்கு. 16 வாரத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எடுக்கும் உச்ச அளவு 260 மில்லி. இரண்டையும் போட்டுப் பாருங்கள்: 7.1 × 0.15 = 1.07, 7.1 × 0.26 = 1.85 மைக்ரோகிராம். முதல் ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால், எடைக்கு மிஞ்சிக் குடிக்கும் தொடக்க வாரங்கள் அதில் கரைந்துவிடும்.

ஈயத்துக்கு இருந்த வாராந்தர உட்கொள்ளல் வரம்பு 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. பாதுகாப்பான அளவு என்று இப்போது எதுவும் இல்லை. அதே ஐரோப்பிய ஆணையம் மூளை வளர்ச்சி பாதிப்புக்கு ஒப்பீட்டு அளவாக வைத்த 0.5 மைக்ரோகிராமை (கிலோ எடைக்கு, நாளொன்றுக்கு) உங்கள் விடையால் வகுங்கள். இங்கே 0.47-உம் 0.27-உம் வருகின்றன. 1-க்குக் கீழே போனால் கவலைக்கு இடமில்லை என்று எழுத முடியாது.

'கண்டறியப்படவில்லை' என்ற முடிவுகளைப் பூஜ்ஜியமாகவும், கண்டறியும் எல்லையாகவும் (கருவியால் பிடிக்க முடிகிற மிகக் குறைந்த அளவு) வைத்து இருமுறை கணக்கிடுங்கள். அந்த எல்லை மாவில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்றால், 260 மில்லிக்கு மாவின் மேல்மதிப்பு (எல்லையை வைத்துக் கணக்கிட்ட விடை) மட்டும் 0.34 ஆகிறது, அதாவது 0.5-இல் மூன்றில் இரண்டு பங்கை ஆய்வகக் கருவியே தின்றுவிடுகிறது. மாதிரியை அனுப்பும் முன்பே இந்த எல்லையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல பிராண்டுகளின் சராசரியை ஒரு குழந்தைக்குப் பொருத்தாதீர்கள். அது மாதக்கணக்கில் ஒரே பிராண்டைக் குடிக்கக்கூடும். பிராண்டுவாரியாக, வெவ்வேறு தொகுதி எண்களில் டப்பாக்களை வாங்குங்கள். நீண்டகாலச் சராசரிக்கு அவற்றைக் கலந்து சோதிக்கலாம். 2008-இல் சீனாவில் நடந்த மெலமின் (புரதம் கூடுதலாகத் தெரியப் பாலில் சேர்த்த தொழிற்சாலை வேதிப்பொருள்) கலப்படம் போன்ற ஒன்றைத் தேடும்போது கலக்கவே கூடாது: கெட்ட டப்பா நல்லவற்றுக்குள் ஒளிந்துகொள்ளும்.