பழைய டிங்கி பொம்மைச் சரக்கு வண்டியை வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போருக்கு முன் லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் வார்த்த டிங்கி என்ற உலோகப் பொம்மைச் சரக்கு வேன்களை வாங்க விரும்புவோர், வண்ணத்தின் பளபளப்பில் மயங்கும் முன் வண்டியைத் தலைகீழாகத் திருப்பி, மயிரிழை வெடிப்போ வீக்கமோ வளைவோ உள்ளதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். இவற்றை வார்த்த துத்தநாகக் கலவையில் சிறிதளவு ஈயம் கலந்திருந்தால், ஈரக்காற்றில் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து நொறுங்கிவிடும். இதற்கு மருந்தே இல்லை, புதுப்பூச்சு குறையை மறைக்குமே தவிர நிறுத்தாது. பக்கத்து வண்டிக்கு இது தொற்றும் என்ற அச்சம் மட்டும் வேண்டாம். 1947இல் வெளிவந்த ஃபோடன் லாரி போன்ற போருக்குப் பிந்தைய வண்டிகளில் இக்குறை அரிது. அவற்றில் மேற்கூட்டையும் அடித்தட்டையும் பிணைக்கும் ரிவெட்டுகளைத் துளையிட்டுக் கழற்றிய தடம் தெரிந்தால், மறுவண்ணம் பூசியது என்றே நான் கொள்வேன். வாங்கியதை, வெப்பம் ஏறி இறங்காத உலர்ந்த அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள்.