திவால் மனுவில் ஒரு வட்டிக் கட்டம்

ஊரில் "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்" என்று ஒருவனைப் பற்றிப் பேச்சு கிளம்பினால் அவன் தெருவில் தலைகாட்ட முடியாது. அந்தக் கூச்சத்தோடுதான் நாம் அமெரிக்காவிலும் இறங்குகிறோம். என் பழைய ரூம்மேட் ஒருவன், மதுரைக்காரன், அந்தக் கூச்சத்துக்குக் கொடுத்த விலை 5,600 டாலருக்கு மேல்.

வந்த புதிதில் அவனுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி கிடையாது. 2021 மே மாதம் ஒரு பழைய காரை 19% வட்டிக்கு எடுத்தான். அப்புறம் வேலை போனது, ஆஸ்பத்திரி பில் வந்தது, வண்டியைத் தூக்கிப் போய்விடுவோம் என்று போன் வர ஆரம்பித்தது. 2023 அக்டோபரில் சாப்டர் 13 மனு போட்டான், அதாவது கடனைத் தவணையில் அடைக்கும் வகைத் திவால் மனு. வக்கீல் வேண்டாமாம், தானே பார்த்துக்கொள்வானாம்.

நடைமுறை பெரிய கம்பசூத்திரம் இல்லை. மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் கிரெடிட் கவுன்சலிங் முடித்திருக்க வேண்டும். மனுக் கட்டணம் 313 டாலர். கிரீன் கார்டு தேவையில்லை. மனு ஏறியதும் வசூல்காரர்கள் வாயை மூடியாக வேண்டும். 30 நாளில் டிரஸ்டிக்கு (பணத்தை வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர்) முதல் தவணை, அப்படியே 3 முதல் 5 வருடம்.

வம்பு பிளான் படிவத்தில் இருக்கிறது, எந்தக் கடனை எப்படி அடைப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் தாள் அது. ஈடு உள்ள கடன்களை எழுதும் இடத்தில் வட்டிக்கு ஒரு கட்டம் உண்டு. இவன் அதில் 19 என்று எழுதிவிட்டான். "கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வட்டிடா, மாத்தி எழுதினா ஏமாத்து இல்லையா?" என்றான். நகையை அடகு வைத்தால் சீட்டில் போட்ட வட்டியைக் கட்டித்தானே மீட்கிறோம்? அந்தப் பழக்கம்.

இங்கே கார் கடனுக்கு அப்படி இல்லை. இண்டியானாவில் டில் என்ற தம்பதி 1998இல் 21% வட்டிக்கு ஒரு பழைய டிரக் வாங்கி, மறு வருடமே திவால் மனு போட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனம் 21 கேட்டது. இவர்கள் 9.5 தருகிறோம் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2004இல் தம்பதி பக்கம் தீர்ப்பானது. கணக்கு எளிது. வங்கிகளின் பிரைம் ரேட்டை, அதாவது நம்பகமான வாடிக்கையாளருக்கு அவை போடும் வட்டியை எடுத்துக்கொள், பணம் திரும்பாமல் போகும் அபாயத்துக்குக் கொஞ்சம் சேர். அவர்களுக்கு 8 + 1.5. அந்தக் கூடுதல் பொதுவாக 1 முதல் 3 வரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் கடன் கொடுத்தவன்தான் நிரூபிக்க வேண்டும்.

2023 அக்டோபரில் பிரைம் 8.5. ஒன்றரை சேர்த்தால் 10. இவனுடைய பாக்கி 20,000 டாலர், 60 மாதம். 19 சதவீதத்தில் தவணை சுமார் 519, பத்தில் 425. மாதம் 94 வித்தியாசம், 60 மாதத்தில் அந்த 5,600 சொச்சம். கோர்ட் பிளானை ஒப்புக்கொண்டதும் அது இரண்டு தரப்பையும் கட்டிவிடும். கடன் வாங்கியவன் தானாகவே 19 தருகிறேன் என்றால் கம்பெனிக்காரன் எதற்கு வாயைத் திறக்கப் போகிறான்?

இன்னொரு எரிச்சல். சொந்த உபயோகத்துக்குக் கடனில் வாங்கிய வண்டி, மனு போடும் நாளில் 910 நாள் தாண்டியிருந்தால் அசலையே வண்டியின் மதிப்புக்கு இறக்கலாம். மீதி, ஈடில்லாத கடன்களோடு சேர்ந்துவிடும். இவன் வண்டி அன்று 13,000 பெறும். ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். ஆனால் வண்டி தூக்கும் லாரி வாசலில் வந்து நின்றால் யாருக்குப் பொறுமை வரும், அதனால் அதை மட்டும் நான் குத்திக்காட்டுவதில்லை. 910 நாள் ஆகாவிட்டாலும் வட்டியைக் குறைக்கலாம் என்பதைத்தான் அவன் தவறவிட்டான்.

குடியிருக்கும் வீட்டுக் கடனில் பொதுவாக இந்த வித்தை செல்லாது. ஒப்பந்த வட்டி அப்படியேதான், விட்டுப்போன தவணைகளைப் பிரித்துக் கட்டலாம், அவ்வளவுதான். கார் தவணையைப் பிளானுக்கு வெளியே நேராகக் கட்டுகிறேன் என்று போனாலும் பழைய வட்டிதான் ஓடும்.

சென்ற மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் அதே கார், பின்பக்க பம்பரில் டேப் ஒட்டியிருக்கிறது. ஊருக்குப் போகலாமா என்று கேட்டேன். டிக்கெட் காசு எங்கே என்றான். 2028 வரை தவணை இருக்கிறது.