ஒரே பியானோவில் இருவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பியானோ கற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தேர்வுக்குரிய தனி வாசிப்பிலேயே ஆழ்ந்திருந்துவிட்டு, ஆண்டு விழா நெருங்கும்போதுதான் இருவர் வாசிக்கும் உருப்படியைக் கையில் எடுக்கிறார்கள். அவரவர் பகுதியைத் தனித்தனியே தேற்றிக்கொண்டு கடைசி வாரத்தில் சேர்ந்து உட்காரலாம் என்று எண்ணுவதே முதல் தவறு. இவ்வகை இசையின் சிக்கல்கள், இருவரும் தோளோடு தோள் அமர்ந்த பிறகே வெளிப்படுகின்றன.

பியானோவின் 88 கட்டைகளும் சேர்ந்து ஏறத்தாழ 122 செ.மீ. அகலமே உள்ளவை. வீடுகளில் பரவலாக உள்ள 61 கட்டைக் கீபோர்டில் அது 85 செ.மீ.க்குச் சுருங்குவதோடு, இரு ஓரங்களின் ஸ்வரங்களும் கிடைக்காமல் போவதால், அதில் பழகி மேடையில் பியானோவில் வாசிப்பது சரிவராது.

நடுப்பகுதியில்தான் தகராறு மிகுதி. கீழ்ப்பகுதியை வாசிக்கும் செகண்டோ ஒரு கட்டையை அழுத்தியபடியே இருக்க, மேல்பகுதியை வாசிக்கும் ப்ரீமோ அடுத்த கணம் அதையே தட்ட நேர்ந்தால், கட்டை மேலெழாததால் ஒலியே வராது. ஏற்காட்டின் மழைக்காலப் பனிமூட்டத்தில் மரமும் கம்பளித் துணியும் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடுவதால், கட்டைகள் எழும்புவது மேலும் தாமதப்படும். ஆகவே, எந்த ஸ்வரத்தை யார் எப்போது விடுவது, யாருடைய மணிக்கட்டு மேலே இருப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒலியை நீட்டிக்கும் கால்மிதியான பெடலைப் பொதுவாகச் செகண்டோவே கையாள்கிறார். அவர் தம் பகுதியை மட்டும் கேட்டுக் காலை அழுத்தினால், ப்ரீமோவின் விரைவான ஓட்டங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த பயிற்சி, ப்ரீமோ மட்டும் வாசிக்க, செகண்டோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெடலை மட்டும் இயக்குவதுதான். அலுப்பூட்டும் என்றாலும் வேறு எதுவும் இந்த அளவுக்குப் பலன் தருவதில்லை.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் சூபர்ட் 1828இல் ஒரே பியானோவில் இருவர் வாசிக்க இயற்றிய எஃப் மைனர் ஃபான்டசியின் தொடக்கத்தில், செகண்டோவின் மெல்லிய துணையோசையின்மேல் ப்ரீமோவின் மெட்டு நுழைகிறது. மந்தர ஸ்வரங்கள் இயல்பிலேயே கனத்து ஒலிப்பவை. செகண்டோ தம் செவிக்குப் போதுமானதாகத் தோன்றும் அளவைவிடக் குறைத்து வாசித்தால்தான் மெட்டு அவையை எட்டும்.

பல பதிப்புகளில் இடப்பக்கம் செகண்டோவுக்கும் வலப்பக்கம் ப்ரீமோவுக்கும் அச்சிடப்பட்டிருப்பதால், மற்றவர் வாசிப்பது கண்ணில் படாமலே போகிறது. பக்கத்தைப் புரட்டுபவர் யார் என்பதையும் மேடையேறும் முன்பே தீர்மானித்துவிடுவது நல்லது.

தொடக்க நிலைக்கு இசையமைப்பாளர் டியாபெல்லியின் ஓப்பஸ் (படைப்பு எண்) 149 உருப்படிகள் ஏற்றவை. அவற்றில் மாணவரின் பகுதி ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கும், செகண்டோ ஆசிரியருக்கு உரியது. ஆனால் இந்த வழக்கத்தையே ஆண்டுக்கணக்கில் நீட்டித்து, மாணவரை ப்ரீமோவிலேயே நிறுத்திவிடக் கூடாது. பெடலையும் மந்தர ஸ்வரங்களையும் அவர் செகண்டோவில் அமர்ந்தால்தான் கற்க முடியும்.