ஐ7 ஸ்டிக்கர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு

கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி ஒருவர் போன வாரம் புது லேப்டாப்போடு என் ஸ்டூடியோவுக்கு வந்தார். “அண்ணே, இது ஐ7. உங்க டெஸ்க்டாப் வெறும் ஐ5தானே? ஒரே புராஜெக்ட்டை எக்ஸ்போர்ட் போட்டா என்னோடது மட்டும் இழுத்துக்கிட்டே கிடக்கு. வைரஸா இருக்குமோ?”

வைரஸ் இல்லை. 2017இல் நான் செய்த அதே தவறு: லேப்டாப் சிப்பையும் டெஸ்க்டாப் சிப்பையும் பெயரை மட்டும் வைத்து ஒப்பிடுவது. ஐ5, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனச் சிப்களின் (புராசஸர்களின்) வரிசைப் பெயர்கள். இப்படி ஒப்பிடும்போது நடக்கிற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பத்து வருஷப் பழைய சிப்பைப் புதியதோடு ஒப்பிடக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாட் பார்க்காமல் வாங்குவது

அப்போது நான் வாங்கிய லேப்டாப்பில் இருந்தது கோர் ஐ7-7500யூ. “ஐ7 சார், இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல். அதில் இரண்டே கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் மூளை). மின்சார வரம்பு 15 வாட். அதே தலைமுறை டெஸ்க்டாப் ஐ5-7400இல் நான்கு கோர், 65 வாட். இரண்டுக்கும் உச்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ்தான். முகூர்த்த மாசத்தில் நாலு கல்யாணம் வரிசையில் நிற்க, இரண்டு கோரை வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தேன். கொஞ்ச நாளில் ஐ5-8250யூ போட்ட லேப்டாப்புகள் வந்தன. அதே 15 வாட்டில் நான்கு கோர். ஐ7 வைத்திருந்த எனக்கு வயிறு எரிந்தது.

தம்பியுடையது ஐ7-1355யூ. பத்து கோர், உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ். என்னுடைய ஐ5-12400இல் ஆறு கோர், 4.4 கிகாஹெர்ட்ஸ். காகிதத்தில் அவர்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் அவருடைய பத்தில் முழு வலுவுள்ள பெரிய கோர் இரண்டுதான். மற்ற எட்டும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற சின்ன கோர்கள். என்னுடைய ஆறும் பெரியவை.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, ‘சிபியு பேக்கேஜ் பவர்’ என்ற வரியை மட்டும் பார்க்கச் சொன்னேன். எடுத்த எடுப்பில் 50 வாட் வரை எகிறியது. ஃபேன் இரைந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் 15க்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அதோடு வேகமும் சரிந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் என்பது ஓரிரு கோர் கொஞ்ச நேரம் தொடுகிற உச்சம், அரை மணி நேரம் தாங்குகிற வேகம் அல்ல. என் டெஸ்க்டாப்பில் சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் பெரிய ஹீட்சிங்க் இருக்கிறது. 65 வாட்டும் அதற்கு மேலும் சலிக்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அதனால் பெயரின் கடைசி எழுத்தை முதலில் படியுங்கள். இன்டெலில் யூ என்றால் பெரும்பாலும் 15 வாட், எச் என்றால் 45, எச்எக்ஸ் என்றால் 55. எச்எக்ஸ் என்பது ஏறக்குறைய டெஸ்க்டாப் சிப்பையே லேப்டாப்புக்குள் வைத்தது. ஐ9-13980எச்எக்ஸில் டெஸ்க்டாப் ஐ9-13900இல் உள்ள அதே 24 கோர்கள். எழுத்தோடும் நிற்காதீர்கள். ஒரே எச் சிப்புக்கு மெல்லிய லேப்டாப்பில் ஒரு வாட் வரம்பு, தடித்த கேமிங் லேப்டாப்பில் இன்னொரு வரம்பு வைப்பார்கள். வாங்கப்போகும் அதே மாடலை யாராவது சோதித்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், டெஸ்க்டாப்பில் தப்பான சிப் வாங்கினால் கழற்றி வேறு போடலாம். லேப்டாப்பில் போர்டோடு சால்டர் செய்திருப்பார்கள். மொத்தமாக விற்கத்தான் வேண்டும், அதுவும் பாதி விலைக்கு.

ஒரு ஓட்டத்தில் அளப்பது

சிப்பின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருள் வழக்கமாகப் பத்து நிமிடம் ஓடும். அவசரத்தில் அதை ஒற்றை ஓட்டமாக மாற்றி, வந்த எண்ணைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். லேப்டாப் சூடாவதற்கு முன் எடுத்த எண் அது. பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

பேட்டரியில் அளப்பது

சார்ஜரைச் செருகுங்கள்.

ஒரு பக்கம் ஹார்டுவேர், மறுபக்கம் சாஃப்ட்வேர்

ஒரு மெஷினில் குயிக்சிங்க் மூலம் எக்ஸ்போர்ட், இன்னொன்றில் சாஃப்ட்வேர் என்கோடிங், அதாவது கோர்களே வீடியோவைச் சுருக்கும் முறை. பிறகு ‘லேப்டாப் பாதி நேரத்தில் முடித்தது’ என்று பெருமை. குயிக்சிங்க் இன்டெல் சிப்பில் வீடியோவுக்கென்றே உள்ள தனிப் பகுதி. கோர்களின் பலத்தை அது காட்டாது. இன்னொன்று: பெயர் ‘எஃப்’ என்று முடிகிற டெஸ்க்டாப் சிப்களில் குயிக்சிங்க்கே கிடையாது.

ரைசனில் முதல் எண்ணை நம்புவது

ரைசன் என்பது ஏஎம்டி நிறுவனத்தின் சிப். 7000 வரிசை லேப்டாப் ரைசன்களில் மூன்றாவது எண்தான் கட்டமைப்பைச் சொல்லும். 7520யூ என்றால் உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய கட்டமைப்பு.

ஒற்றை ரேம்

ஒரே ஸ்லாட்டில் 8 ஜிபி இருந்தால், இன்னொன்றும் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

‘லேப்டாப்பே வீண்’ என்பது

இதுவும் தவறுதான். பிரவுசர், எக்செல், டைம்லைனில் வெட்டி ஒட்டுகிற வேலை எல்லாம் ஓரிரு கோரில் சில விநாடி எகிறி முடிகிறவை. அங்கே அந்த 1355யூ என் டெஸ்க்டாப்புக்குச் சளைத்ததல்ல. சில சமயம் ஒரு படி மேல். தம்பி லேப்டாப்பை விற்கவில்லை. மண்டபத்திலேயே உட்கார்ந்து கிளிப்களை வெட்டி அடுக்கிவிடுகிறார். ராத்திரி ஹார்டு டிஸ்க்கோடு என் ஸ்டூடியோவுக்கு வந்து எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு, பரோட்டா சாப்பிடப் போகிறார்.