உழிச்சலுக்குப் போகுமுன் எந்த விமர்சனத்தை நம்புவது?

மலையாள மாதமான கர்க்கடகம், அதாவது நம் ஆடி பிறந்ததும் பொள்ளாச்சியிலிருந்து கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து உழிச்சல் (தைலம் தேய்த்து உடலை நீவிவிடும் ஆயுர்வேதச் சிகிச்சை) நிலையங்களுக்குச் செல்வோர், கூகுள் மேப்பில் ஐந்து நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், அந்த விமர்சனம் எப்போது எழுதப்பட்டிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பணம் கட்டும் மேசையருகே, ஊழியர் பார்த்துக்கொண்டிருக்க, க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து எழுதுபவர் பெரும்பாலும் "சூப்பர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்; தம் உடல்வலிக்காகப் பாடுபட்டவரின் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? பிடிப்பு விட்டதா, தைலம் ஒத்துக்கொண்டதா என்பதோ வீடு திரும்பிச் சில நாள் கழிந்த பின்பே தெரிய வரும். ஆகவே, "தைலம் போதிய சூடாக இல்லை, சொன்ன நேரத்துக்கும் அழைக்கவில்லை, ஆனால் மறுவாரம் குனிந்து நிமிர முடிந்தது" என்பது போல நிறையும் குறையும் கலந்த மூன்று, நான்கு நட்சத்திரப் பதிவுகளை முதலில் படியுங்கள். தள்ளுபடிக்காக எழுதியவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கூகுளின் விதிகளே அதை அனுமதிப்பதில்லை, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் வெளியிட்ட ஐ.எஸ். 19000 தரமும் விலைக்கு வாங்கிய விமர்சனங்களை ஏற்பதில்லை. நீங்கள் எழுதும்போது, சிகிச்சையின் பெயரையும் எத்தனை நாள் எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.