பஜார் தெருப் பழைய வீட்டைப் பெரிய கடைக்குக் கேட்கிறார்களா? ஊருக்குக் கிளம்பும் முன் படியுங்கள்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பாட்டன் கட்டிய வீடு ஒன்று பஜார் தெருவில் இருக்கிறது, அதை ஊர் ஊராகக் கிளை திறக்கும் ஒரு துணிக்கடையோ நகைக்கடையோ சூப்பர் மார்க்கெட்டோ வாடகைக்குக் கேட்கிறது, "நீ லீவுக்கு வந்ததும் கையெழுத்துப் போட்டு முடிச்சிடலாம்" என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார் என்றால், இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைக்கு விடுவது தப்பே இல்லை. பூட்டிக் கிடக்கும் வீடுதான் சீக்கிரம் விழும். வருஷா வருஷம் ஓடு பிரித்துப் போட ஆள் இல்லை, ஒரு ஓடு நகர்ந்தால் மழைத் தண்ணீர் நேராக உத்தரத்தில் இறங்கும், அப்புறம் கரையான் ஏறும், நாலைந்து மழைக்காலத்தில் கூரை உட்கார்ந்துவிடும். வாடகை வருகிற வீட்டைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: கடை வரட்டும், வீடும் நிற்கட்டும். இரண்டும் சேர்ந்து நடக்கும். நடக்காது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இடித்தால்தான் லாபம்.

வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு இது புதிதும் இல்லை. டொரன்டோவில் இருப்பவர்களுக்குத் தெரியும், 1931ல் கட்டிய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் ஹாக்கி அரங்கத்துக்குள் 2011லிருந்து லாப்லாஸ் சூப்பர் மார்க்கெட் நடக்கிறது. வெளிச்சுவர் அப்படியே இருக்கிறது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகள் 1989லிருந்து பாதுகாப்புப் பகுதிக்குள் வந்தவை, கீழே வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வாஷிங்டனில் 1903ல் திறந்த கார்னகி நூலகத்தைச் செப்பனிட்டு 2019ல் ஆப்பிள் கடை வைத்தார்கள். மும்பை ஹார்னிமன் சர்க்கிளில் எல்ஃபின்ஸ்டன் கட்டடத்தில்தான் 2012ல் ஸ்டார்பக்ஸ் இந்தியாவில் முதல் கடையைத் திறந்தது. இந்தப் படங்களைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவிடம் வாயால் சொல்வதைவிட, கல் தூணுக்குப் பக்கத்தில் பில் போடும் கவுண்டர் இருக்கிற படத்தைக் காட்டினால் பேச்சு சுலபமாகும்.

நம் ஊரில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். தருமபுரியில் சின்னசாமி நாயுடு தெரு, ஆறுமுக ஆசாரி தெரு, கிருஷ்ணகிரியில் பழையபேட்டை, இந்தப் பக்கமெல்லாம் ஒருநாள் காலையில் கடை திறக்கும் முன் நடந்து பாருங்கள், கடை போர்டுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். பழைய வீடு கடையாகும்போது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். திண்ணையை உடைத்து ஷட்டர் போடுவார்கள். முகப்பை முழுசாக ஏசிபி ஷீட்டால் (கடை முகப்பில் ஒட்டும் பளபளப்பான அலுமினியப் பலகை) மூடுவார்கள். முற்றத்துக்கு மேல் தகரமோ கான்கிரீட்டோ போட்டு அடைப்பார்கள். கருங்கல் பலகை பதித்த தரைமேல் சிமெண்ட் கொட்டி டைல்ஸ் ஒட்டுவார்கள். தூணைச் சுற்றிப் பிளைவுட் பெட்டி அடித்துக் கண்ணாடி ஒட்டுவார்கள்.

இதில் எது திரும்ப எடுக்கக்கூடியது, எது முடியாதது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஏசிபி ஷீட், ஃபால்ஸ் சீலிங், பிளைவுட் பெட்டி எல்லாம் கழற்றினால் வந்துவிடும், அதற்குச் சண்டை போட வேண்டாம். (ஷீட்டுக்கான கம்பியைச் சுவரில் எங்கே அடிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள், சுதை வேலை, அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்த உருவமும் பூவேலையும், இருக்கும் இடத்தில் ட்ரில் போடக் கூடாது.) சுவரை இடிப்பது வேறு. சுண்ணாம்புக் காரைக் கட்டடத்தில் கான்கிரீட் பில்லர் கிடையாது, சுவர்தான் பாரம் தாங்குகிறது. கடையை விசாலமாக்குகிறோம் என்று நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒரு இரும்பு பீம் கொடுத்தால், அன்றைக்கு ஒன்றும் ஆகாது, பிறகு மெத்தைத் தளம் விரிசல் விடும். இன்னொன்று, பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே நிற்கும், சுவர் உப்புப் பூத்து உதிரும். "எத்தனை தடவை பூசினாலும் உதிருது, இந்த வீடு ராசியில்லை" என்பார்கள். வீட்டு மேல் குற்றமில்லை, பூச்சுதான் காரணம். சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள்.

அப்புறம் கல். இந்த இரண்டு மாவட்டத்து மண்ணுக்கு அடியில் இருப்பதே கருங்கல்தான், அதனால் மற்ற ஊரில் மரம் போடும் இடத்தில் நம் ஊர்ப் பழைய வீடுகளில் கல் இருக்கும். கல் தூண், கல் நிலைப்படி, சில வீடுகளில் கூரைக்கே கல் பலகை. தூணின் அடியில் கொஞ்சம் தரையைச் சுத்தம் செய்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், உளி பட்ட தடம் வரி வரியாகத் தெரியும். கையால் செதுக்கியது. இன்றைக்கு அதே தூணை மெஷினில் அறுத்து வாங்கலாம், அந்தத் தடம் வராது.

சரி, கையெழுத்துக்கு வருவோம். தூரத்தில் இருப்பதால் நமக்கென்ன உரிமை என்று பலர் பேசாமல் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் பெரிய கம்பெனிகளின் வக்கீல்கள் பங்குதாரர் ஒருவர் கையெழுத்து குறைந்தாலும் பத்திரத்தை ஏற்க மாட்டார்கள். அந்த ஒரு கையெழுத்துதான் வீட்டுக்காகப் பேச உங்களிடம் இருக்கும் பலம். விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது பத்திரம் நீட்டினால் போடாதீர்கள். வரைவை இப்போதே மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டியவை சில உண்டு. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தமிழக அரசின் இ-சேவை தளத்தில் பார்க்கலாம், வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறைத் தளத்தில் எடுக்கலாம். தாத்தா பெயரிலேயே நிற்கிறது என்றால் வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை எல்லாம் முதலில். அத்தைகளை விட்டுவிட்டு எழுதாதீர்கள். இந்துக் குடும்பம் என்றால் 2005 சட்டத் திருத்தமும் 2020ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. "அவங்கதான் கல்யாணத்துல நகை வாங்கிட்டாங்களே" என்பது கோர்ட்டில் நிற்காது, நியாயமும் இல்லை.

வர முடியாதவர்கள் பவர் எழுதிக் கொடுப்பார்கள். பொது அதிகாரப் பத்திரம் கொடுக்காதீர்கள். இந்த வீட்டை, இத்தனை வருஷத்துக்கு, வாடகைக்கு விட மட்டும் என்று தனி அதிகாரப் பத்திரமாக எழுதுங்கள், விற்கவோ இடிக்கவோ அதிகாரம் இல்லை என்று ஒரு வரி சேருங்கள். இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதை மறந்து தவிப்பவர்கள் நிறைய.

பத்திரத்தில் என்ன பார்ப்பது? பெரிய கடைகளின் ஒப்பந்தம் பெரும்பாலும் 9 வருஷம் போல நீளமாக இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றாலே பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2017ல் இயற்றி 2019ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் கட்டாயம். "லாக்-இன்" என்ற பகுதியை இரண்டு தடவை படியுங்கள்: ஆரம்பத்தில் சில வருஷம் போனபின் அவர்கள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம், நீங்கள் மட்டும் கடைசி வரை காலி செய்யச் சொல்ல முடியாது என்றுதான் பெரும்பாலும் எழுதி வருவார்கள். வீட்டை உடைத்துக் கொடுத்தபின் மூன்றாம் வருஷம் வியாபாரம் சரியில்லை என்று அவர்கள் போய்விட்டால், உங்களுக்கு மிஞ்சுவது வீடும் இல்லாத கடையும் இல்லாத ஒரு கூடு.

அதனால் இதைச் செய்யுங்கள். நம் பத்திரங்களில் சொத்து விவரத்துக்குத் தபசில் எழுதுவோம் இல்லையா, அதற்குக் கீழே இரண்டாவதாக ஒரு தபசில் சேர்க்கச் சொல்லுங்கள். கை வைக்கக் கூடாதவை அதில் வரட்டும்: தெற்குத் தாழ்வாரத்துக் கல் தூண் நான்கு, வாசல் நிலையும் கதவும், முற்றத்துக் கல் தரை, மாடி கைப்பிடிச் சுவரின் சுதை வேலை, உத்தரங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதியோடு போட்டோ எடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். "கட்டடத்தின் அமைப்பில் மாற்றம் செய்ய உரிமையாளர்கள் அனைவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும்" என்று ஒரு வரி, காலி செய்யும்போது தங்கள் செலவில் எல்லாவற்றையும் கழற்றி இந்தத் தபசில்படி ஒப்படைக்க வேண்டும் என்று இன்னொரு வரி. கம்பெனி ஆள் "எங்க ஸ்டாண்டர்டு ஃபார்மட்ல இதெல்லாம் வராது சார்" என்பார். இடம் பிடித்திருந்தால் வரும். பஜார் தெருவில் முப்பதடி முகப்பு அவர்களுக்குத் தினமும் கிடைப்பதில்லை.

பணத்தில் அட்வான்ஸ்தான் பெரிய தலைவலி. பெரிய தொகை ஒன்றாக வரும், குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும், கல்யாணத்துக்கும் காருக்கும் போய்விடும், காலி செய்யும் அன்று திருப்பித் தர யாரிடமும் இருக்காது. அதை எல்லார் பெயரிலும் டெபாசிட்டாகப் போட்டுவிட்டு, வட்டியை வீட்டுப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். உங்கள் பங்கு வாடகையைச் சித்தப்பா கணக்கில் சேர்த்து வாங்க வேண்டாம். அவரவர் பங்கைப் பத்திரத்திலேயே எழுதி, உங்களுடையது உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போடும் வங்கிக் கணக்கு) நேராக வரட்டும். வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் வருமான வரியை டிடிஎஸ்ஸாக வாடகையிலேயே பிடிப்பார்கள், கணக்குத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். ஜிஎஸ்டி, வணிகக் கட்டடத்துக்கு ஏறும் சொத்து வரி, மின் இணைப்பு மாற்றும் செலவு, இவை யார் தலையில் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கோட்டை, பழைய கோயில் பக்கத்தில் வீடு இருக்கிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ராயக்கோட்டைக் கோட்டை, அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். இது உங்களுக்குச் சாதகம்தான். இடித்துக் கட்ட முடியாத இடத்தில் பழைய வீட்டை அப்படியே பயன்படுத்துவதுதான் கடைக்காரருக்கும் ஒரே வழி. மற்றபடி பஜார் வீடுகளை எந்தப் பட்டியலும் காப்பாற்றவில்லை, உரிமையாளர்தான் காப்பாற்ற வேண்டும்.

பயணம் பற்றிக் கொஞ்சம். பெங்களூரில் இறங்குவது வசதி. பெங்களூர் நகரத்திலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரி அதற்கு மேல் ஒரு மணி நேரம். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை, தருமபுரிக்கு உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்கு வருபவர்களுக்கு ஆடி மாதம் குறுக்கே வரும், பெரியவர்கள் பத்திரம் வேண்டாம் என்பார்கள். நல்லதாகப் போயிற்று என்று அந்த நாட்களில் அளவு எடுங்கள், போட்டோ எடுங்கள், பழைய கட்டட வேலை தெரிந்த ஒரு இன்ஜினியரையும் வயதான கொத்தனார் ஒருவரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒரு நாள் ஒதுக்கி ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டையும் பாருங்கள், அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. சின்ன வீடுதான். பழைய வீட்டைப் பராமரிக்க முடியுமா என்று சந்தேகப்படும் சொந்தக்காரரைக் கூடவே அழைத்துப் போங்கள்.

வேலை ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் முக்கியம், அந்த நேரத்தில் ஊரில் ஒருவர் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். கழற்றிய கதவு, ஜன்னல், தூண் எதையும் "பழைய மரம்தானே" என்று லாரியில் ஏற்ற விடக் கூடாது. உடைப்பு எடுப்பவருக்கு அதில்தான் வரும்படி, பழம்பொருள் கடைகளில் நல்ல விலைக்குப் போகும். எண் போட்டு, பின்கட்டில் ஒரு அறையில் அடுக்கிப் பூட்டிச் சாவியை உங்கள் ஆளிடம் வைத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்கோ லண்டனுக்கோ எடுத்துப்போய் ஹாலில் வைக்கலாம் என்று நினைத்தால் அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது: 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய சிற்ப வேலைப்பாடுள்ள பொருளையோ விளக்கையோ தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 100 வருஷம் ஆகாத பொருள் என்றாலும், தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கிய பிறகே பார்சல் போடுங்கள்.